நண்பர்களோடு மலேசியா: ஆறு பேர், ஐந்து இரவு, தலைக்கு 45,000 ரூபாய்க்குள் திட்டமிடுவது எப்படி

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஐந்து இரவு தங்கிவிட்டுத் திரும்பும் ஒரு நண்பர் கூட்டத்துக்கான வழிகாட்டி இது. வேறு நாட்டுக்குப் போனாலும் வேலைகளின் வரிசை இதேதான், விலைகளும் காகிதங்களும் மட்டும் மாறும். கூட்டமாகப் போகும் பயணம் விமானக் கட்டணத்தால் கெடுவதைவிட, பணம் கைக்கு வராமல் டிக்கெட் போடுவதாலும், பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் தேதி குறிப்பதாலும் கெடுவதுதான் அதிகம். அதனால் படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதலில் பணம், அப்புறம் தேதி, கடைசியில்தான் ஊர்

பெரும்பாலான கூட்டங்கள் வாட்ஸ்அப் குழுவில் "எங்கே போகலாம்?" என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கின்றன. ஒருவர் பாலி என்பார், இன்னொருவர் வியட்நாம் என்பார், வீடியோ இணைப்புகள் குவியும், இரண்டு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஊரைப் பற்றிப் பேசுவது இனிக்கும், பணத்தைப் பற்றிப் பேசுவது கசக்கும், அதனால் கசப்பானதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள்.

தலைகீழாகச் செய்யுங்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு செய்ய முடியும், எந்த மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும். குழுவில் கேட்டால் உண்மையான தொகை வராது. ஒருவர் 80,000 என்று போட்டுவிட்டால், 40,000 மட்டும் வைத்திருப்பவர் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வார். தனித்தனியாக வாங்கிய தொகைகளில் குறைந்தது எதுவோ அதுதான் கூட்டத்தின் பட்ஜெட். யார் சொன்னது என்று வெளியே சொல்லக் கூடாது.

மலேசியாவுக்கான தோராயக் கணக்கு இது. ஒரு ரிங்கிட்டை 23 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் மாதத்தில் அன்றைய விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். போக வர டிக்கெட் 16,000 ரூபாய். தங்குவதற்கு ஓர் இரவுக்குத் தலைக்கு 60 ரிங்கிட், ஐந்து இரவுக்கு 6,900 ரூபாய். சாப்பாட்டுக்கு நாளுக்கு 50 ரிங்கிட், ஆறு நாளுக்கு 6,900. ரயில், கார், படகு எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட், அதாவது 4,600. நுழைவுக் கட்டணங்களுக்கு 2,300. காப்பீடும் சிம்மும் 1,500. அவசரத்துக்கு 5,000. கூட்டினால் 43,200. ஷாப்பிங் இதில் இல்லை, அது அவரவர் பாடு.

2. எத்தனை பேர் என்பது விலையை மாற்றும்

நான்கு அல்லது ஆறு நல்ல எண்ணிக்கை. ஆப்பில் அழைக்கும் வாடகைக் கார் சேவையான கிராப்பில், சாதாரண காரில் நான்கு பேர் போகலாம், ஐந்தாவது ஆள் வந்ததுமே ஆறு பேர் உட்காரும் வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் அதில் ஆறாவது ஆளையும் ஏற்றிவிடுவதுதான் லாபம். அறை விஷயமும் அப்படித்தான், இரட்டை அறைகளில் ஒற்றைப்படைக் கூட்டம் எப்போதும் ஒரு கட்டிலுக்கு வீணாகப் பணம் கட்டும்.

எட்டுக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து அவரவர் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மேசையில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் தேடுவதிலேயே பாதி மாலை போய்விடும்.

3. பாஸ்போர்ட்டின் படத்தை வாங்கிப் பாருங்கள்

"இருக்கு மச்சான்" என்ற பதிலை நம்ப வேண்டாம். முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, காலாவதி. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நான்கு மாதம் மீதமிருக்கும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு "இன்னும் முடியலையே" என்று வாதாடினால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது, பெயர். நம் ஊரில் பலருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. புதியவர்கள் அங்கே இனிஷியலையோ அப்பா பெயரையோ போட்டுவிடுகிறார்கள், டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் வேறாகிவிடுகின்றன. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு விமான நிறுவனமும் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலும் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் அதைப் படித்துவிடுங்கள். அதே பாஸ்போர்ட்டோடு துபாய் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது, அதைத் தெரிந்துகொண்ட பிறகே அங்கே திட்டம் போடுங்கள்.

மூன்றாவது, இசிஆர் முத்திரை, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொடுக்காமல் எடுத்த பாஸ்போர்ட்டில் இது இருக்கலாம். இந்திய அரசின் இசிஆர் நாடுகள் பட்டியலில் மலேசியாவும் உண்டு, தாய்லாந்தும் உண்டு. சுற்றுலாவுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை, ஆனால் வேலைக்குப் போகிறாரோ என்ற சந்தேகத்தில் நம் ஊர் இமிக்ரேஷனில் கேள்வி கூடுதலாக வரும். அந்த நண்பரின் கையில் திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, இங்கே செய்யும் வேலைக்கான சான்று மூன்றும் காகிதமாக இருக்கட்டும். பத்தாவது தேறியவர் என்றால் நேரம் இருக்கும்போதே முத்திரையை நீக்க விண்ணப்பித்துவிடலாம்.

நான்காவது, கிழிசலும் கறையும். பக்கம் பிரிந்திருந்தாலோ நனைந்து ஊறியிருந்தாலோ புதிது எடுக்க வேண்டியதுதான்.

பாஸ்போர்ட் இல்லாதவருக்கு 36 பக்கப் புத்தகம் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கலில் 3,500. போலீஸ் விசாரணை நேரத்தையும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்குங்கள். புத்தகம் கைக்கு வரும்வரை அவருக்கு டிக்கெட் போடவே கூடாது.

4. தேதியைத் திறந்த கேள்வியாகக் கேட்காதீர்கள்

தனியாக வாங்கிய விடுப்பு விவரத்தை வைத்து நீங்களே இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுத்து, "இதுவா அதுவா, ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்" என்று குழுவில் போடுங்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தால் நான்காவது ஒன்று எங்கிருந்தாவது முளைக்கும்.

தைப்பூசத்தை ஒட்டிக் கோலாலம்பூருக்கு அருகே பத்துமலை முருகன் கோயில் பக்கம் கூட்டம் அலைமோதும். பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். சீனப் புத்தாண்டு நாட்களில் உள்ளூர்க்காரர்கள் சொந்த ஊருக்குப் போவதால் ரயில், பஸ் டிக்கெட் கிடைக்காது, பினாங்கில் பல கடைகளும் மூடியிருக்கும். நோன்புப் பெருநாளை ஒட்டியும் இதே நிலைதான். கிழக்குக் கரைத் தீவுகள் வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மறந்துவிடுங்கள், அது அங்கே பருவமழைக் காலம், பெரும்பாலான விடுதிகள் மூடிக்கிடக்கும். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் அந்தப் பிரச்சினை இல்லை, வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் ஒரு மாலை மழை வரும், குடை போதும்.

கிளம்புவது செவ்வாய், புதன் என்று வாரத்தின் நடுவில் இருந்தால் கட்டணம் பெரும்பாலும் குறையும். வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்பவே எல்லோருக்கும் ஆசை, அதனால்தான் அந்த விலை.

5. அட்வான்ஸ் வந்தவர்தான் ஆள்

டிக்கெட் தொகையை முழுதாக ஒருவர் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஒரு கடைசி நாளும் குறியுங்கள். பணம் வந்தவர்களுக்கு மட்டும் டிக்கெட். "நீ போடுடா, அப்புறம் தர்றேன்" என்பவர் நல்ல நண்பராகவே இருக்கலாம், ஆனால் மலிவு விமான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்புவது அரிது, அவர் பெயரில் போட்டதை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. நஷ்டம் போட்டவர் தலையில்தான் விழும். கடன் கொடுத்து நட்பைக் கெடுத்துக்கொள்வதற்கு வெளிநாடு வரை போக வேண்டுமா?

அதே நாளில் இதையும் எழுத்தில் போட்டுவிடுங்கள்: டிக்கெட் போட்ட பிறகு விலகினால் டிக்கெட் பணம் திரும்பாது, அறையில் அவர் பங்கையும் அவரே கட்ட வேண்டும். ஆறு பேருக்கு எடுத்த வீட்டில் ஒருவர் குறைந்தால் மற்ற ஐவருக்கும் வாடகை கூடும் அல்லவா. முன்கூட்டியே சொன்னால் இது விதி, பிறகு சொன்னால் சண்டை.

வேலைகளையும் இப்போதே பிரியுங்கள். டிக்கெட்டும் அறையும் ஒருவர், பணமும் கணக்கும் இன்னொருவர், காகிதங்கள் மூன்றாமவர். எல்லாவற்றையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டால் மூன்றாம் நாள் அவர் யார் மீதாவது எரிந்துவிழுவார்.

6. டிக்கெட்: ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்கள், அப்புறம் ஆறு பேருக்கு

இதுதான் பலருக்கும் தெரியாத இடம். விமான இருக்கைகள் விலைவாரியாக அடுக்கடுக்காக விற்கப்படுகின்றன. மலிவான அடுக்கில் நான்கு இருக்கைதான் மீதி என்றால், ஆறு பேருக்குத் தேடும்போது ஆறு பேருக்குமே அடுத்த அடுக்கின் விலையைக் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு, அடுத்து இருவருக்கு, நால்வருக்கு, ஆறு பேருக்கு என்று தேடிப் பாருங்கள். எங்கே விலை ஏறுகிறதோ அங்கே பிரித்துப் போடுங்கள். பிரித்தால் ஒரு சங்கடம் உண்டு: பிஎன்ஆர் வேறு வேறு ஆவதால், விமான நேரம் மாறினால் இரண்டையும் தனித்தனியாகத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வித்தியாசம் தலைக்கு 500 ரூபாய்தான் என்றால் பிரிக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும், சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் உண்டு. சென்னை–பினாங்கு நேரடி சேவையை இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் தேதிக்கு அது இருந்தால், கோலாலம்பூரில் இறங்கிப் பினாங்கிலிருந்து திரும்பும் விலையையும் பாருங்கள், மறுபடி தலைநகருக்கு வரும் அரை நாள் மிச்சமாகும்.

ஏர் ஏசியா போன்ற மலிவு விமானங்களில் கையோடு 7 கிலோதான். செக்-இன் பெட்டிக்கு ஆறு பேரும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம், இரண்டு பேர் பெயரில் 20 கிலோ வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். திரும்பும் வழிக்கு மட்டும் ஒன்று கூடுதலாக எடுங்கள், வரும்போது சாமான் பெருகாத கூட்டத்தை இன்னும் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் போய் எடை வாங்கினால் கையைக் கடிக்கும். பணம் கட்டும் முன் இருக்கை, சாப்பாடு, காப்பீடு என்று தானாகச் சேர்ந்திருப்பவற்றை நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. "டிக்கெட் பாதி விலைக்கு, போகும்போது ஒரு பார்சல் கொண்டுபோனால் போதும்" என்று யாராவது வந்தால் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். குருவி வேலைக்கு, அதாவது கடத்தல் பொருளைச் சுமந்துபோக, ஆள் பிடிக்கும் வழி அது. மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு, பெட்டி உங்களுடையது என்றால் குற்றமும் உங்களுடையதுதான்.

7. தங்குமிடம்: முதல் இரவு வேறு, மற்ற இரவுகள் வேறு

ஆறு பேருக்கு மூன்று படுக்கையறை அடுக்குமாடி வீடு ஹோட்டலைவிட மலிவு. கோலாலம்பூரில் நீச்சல் குளத்தோடு இப்படிப்பட்ட வீடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் நம் ஊர் விமானங்கள் பல நள்ளிரவிலோ விடியற்காலையிலோதான் போய் இறங்கும். அந்த வீடுகளில் வரவேற்பறை இருக்காது, சாவி தபால் பெட்டியில் இருக்கும், உரிமையாளர் செய்திக்குப் பதில் சொல்லாமல் தூங்கிக்கொண்டிருப்பார். நேரங்கெட்ட நேரத்தில் இறங்கினால் முதல் இரவுக்கு மட்டும் 24 மணி நேர வரவேற்பறை உள்ள சாதாரண ஹோட்டல் எடுங்கள்.

விடியற்காலை இறங்கினால் இன்னொரு கணக்கும் உண்டு. செக்-இன் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான். பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

இடம் பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரவுக்கு 40 ரிங்கிட் மிச்சம் என்று தள்ளிப் போய் எடுத்துவிட்டு, தினமும் அதைவிட அதிகமாகக் காருக்குக் கொடுப்பார்கள். கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் நம்மவர்களுக்கு வசதி: பெரும்பாலான ரயில்கள் அங்கே சேர்கின்றன, இட்லி முதல் வாழை இலைச் சாப்பாடு வரை கீழே இறங்கினால் கிடைக்கும். பினாங்கில் ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே தங்குங்கள், பெரும்பாலானவற்றை நடந்தே பார்க்கலாம்.

வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஆன்லைனில் கட்டிய தொகையில் அது பல சமயம் சேர்ந்திருக்காது. சில இடங்களில் திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகையும் கேட்பார்கள். இரண்டையும் எதிர்பார்த்து ரிங்கிட் கையில் வைத்திருங்கள்.

8. காகிதங்கள்: கிளம்பும் வாரம்

இந்தியர்களுக்கு 30 நாள் வரை சுற்றுலாவுக்கு விசா வேண்டாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1இல் தொடங்கி, 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் அப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா இல்லை என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எம்டிஏசி எனப்படும் டிஜிட்டல் வருகைப் படிவத்தை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டும். ஒரு மாதம் முன்பே நிரப்ப முயல்பவர்களும், விமானத்தில் ஏறும் வரிசையில் நின்று நிரப்புபவர்களும் உண்டு. இது இலவசம், மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே செய்யலாம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாரோ நடத்துவது.

ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக இருக்க வேண்டியவை: திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அடையாளம், காப்பீடு. தனித்தனியாக என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒருவர் போனில் வைத்துக்கொண்டு ஆறு பேரும் வெவ்வேறு வரிசையில் நின்றால், "எங்கே தங்குகிறாய்?" என்ற கேள்விக்கு ஐந்து பேர் திருதிருவென்று விழிப்பார்கள். பதில் சரியில்லாத இளைஞர்களை வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவது நடக்கிற விஷயம்தான். அறைப் பதிவில் எல்லோர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஹோட்டல் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

காப்பீடு ஒரு வாரத்துக்குச் சில நூறு ரூபாய்தான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

9. பணம், போன், ப்ளக்

மொத்தப் பணத்தையும் நோட்டாக எடுத்துப் போக வேண்டாம். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடம் தலைக்கு 300 ரிங்கிட் அளவுக்கு வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றது கார்டில். சாதாரண கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், அந்தக் கட்டணம் இல்லாத கார்டு கூட்டத்தில் யாரிடமாவது இருந்தால் பொதுச் செலவை அதில் போடலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். விமான நிலையத்தில் பணம் மாற்றுவது கடைசி வழி.

கிராப் ஆப்பை இந்தியாவிலேயே நிறுவி, இந்திய எண்ணில் ஓடிபி வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். அங்கே போய் சிம் மாற்றிய பிறகுதான் பலருக்கு இது நினைவுக்கு வரும். ஆறு பேருக்கும் டேட்டா வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒரே ஒருவரின் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் அவர் கழிவறைக்குப் போனாலும் மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும். மூன்று சிம் சரியாக வரும்.

ப்ளக் அங்கே மூன்று தட்டைக் கால். இரண்டு அடாப்டரும் ஒரு பல முனை எக்ஸ்டென்ஷனும் போதும்.

10. இறங்கியதும்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள். ஏர் ஏசியா வருவது முனையம் 2. கூட்டம் இரண்டு விமானங்களில் வருகிறதென்றால் எந்த முனையத்தில், எந்தக் கடை முன்னால் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஊருக்குள் போக விரைவு ரயில் தலைக்கு 55 ரிங்கிட், ஆறு பேருக்கு 330. பஸ் தலைக்கு 15 ரிங்கிட் அளவில், ஆறு பேருக்கு 90. தனியாக வருபவருக்கு ரயில் சரி, கூட்டத்துக்கு அது வீண். பஸ் கேஎல் சென்ட்ரலில் விடும். பஸ் இல்லாத நேரம் என்றால் கிராப்பில் ஆறு பேர் வண்டி போடுங்கள், கட்டணத்தோடு டோலும் சேரும், அப்போதும் ரயிலைவிடக் குறைவாகத்தான் வரும்.

அன்றே பொதுப் பை தொடங்குங்கள். ஆளுக்கு 200 ரிங்கிட், கணக்குக்காரர் கையில். கார், தண்ணீர், பொது நுழைவுக் கட்டணம் அதிலிருந்து. சாப்பாடு அவரவர் தட்டுக்கு அவரவர். ஒருவர் சைவம், ஒருவர் நண்டு சாப்பிடுகிறவர் என்றால் சமமாகப் பிரிப்பது அநியாயம். மது கட்டாயம் பையிலிருந்து கூடாது, மலேசியாவில் வரியால் அதன் விலை அதிகம், குடிக்காதவர் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கை அன்றன்று இரவே குழுவில் போட்டுவிட வேண்டும்.

11. நாளுக்கு ஒரு பொது வேலை போதும்

காலை ஒன்று எல்லோரும் சேர்ந்து, பிற்பகல் அவரவர் விருப்பம், இரவுச் சாப்பாடு மறுபடி சேர்ந்து. ஆறு பேரையும் நாள் முழுக்க ஒன்றாக இழுத்துக்கொண்டு திரிந்தால், யாராவது ஒருவர் குளிப்பதற்காக ஐவர் காத்திருப்பதே பயணமாகிவிடும்.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் போகிறது, சில ரிங்கிட்தான். குகைக் கோயிலுக்குக் கட்டணம் இல்லை, முழங்கால் மறையும் உடை வேண்டும், காலை 8 மணிக்குள் படியேறினால் வெயில் தெரியாது. இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறும் டிக்கெட் விலை அதிகம், திங்கட்கிழமை மூடியிருக்கும். கீழே பூங்காவில் இரவு நடக்கும் நீரூற்றுக் காட்சி இலவசம். என்னைக் கேட்டால் மேலே ஏறும் காசைப் பினாங்கில் சாப்பிடச் செலவழிக்கலாம்.

பினாங்குக்கு இடிஎஸ் எனப்படும் விரைவு மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வரை நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வார இறுதிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி உறுதியானதும் ரயில்வேயின் ஆப்பில் போட்டுவிடுங்கள். நிலையத்திலிருந்து நடந்தே படகுத் துறைக்குப் போகலாம், 2 ரிங்கிட் படகில் ஜார்ஜ் டவுன். ஊருக்குள் இலவச கேட் பஸ் ஓடுகிறது. பினாங்கு மலை ரயிலுக்கு வார இறுதியில் நீண்ட வரிசை, வார நாளில் போங்கள். சாப்பாட்டுக்கு, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகள் இருக்கும்வரை பட்ஜெட்டுக்குக் கவலை இல்லை. பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், இழுத்து ஆற்றிய டீயான தே தாரிக்கும் சேர்ந்து ஐந்து ரிங்கிட்டைச் சுற்றித்தான் வரும். சோற்றோடு பல கறிகளை வைத்துத் தரும் நாசி கண்டார் கடையில் மட்டும் கறி வகைகளைக் கைகாட்டும் முன் விலை கேளுங்கள், தட்டில் ஏறிய பிறகு பேரம் கிடையாது.

12. திரும்பும்போது

விமானம் ஏறும் முன் பொதுப் பையைத் திறந்து கணக்கை முடித்துவிடுங்கள். ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று விட்ட கணக்கு முடிவதேயில்லை. மீந்த ரிங்கிட்டை யாராவது ஒருவர் ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளட்டும்.

தங்கத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: ஆளுக்கு இவ்வளவு நகை தீர்வையில்லாமல் கொண்டு வரலாம் என்று. அந்தச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்குத்தான், ஒரு வாரச் சுற்றுலாப் பயணிக்கு இல்லை. மது தலைக்கு 2 லிட்டர். இ-சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை, அங்கே கடையில் விற்கிறார்கள் என்று வாங்கி வராதீர்கள். மற்றவர் வாங்கிய பொருளை உங்கள் பெட்டியில் வைக்கச் சொன்னால், நண்பனே ஆனாலும் பில்லையும் கூடவே வாங்கி வையுங்கள், ஏனென்றால் சுங்கத்தில் கேட்கப்போவது பெட்டிக்காரரைத்தான்.